விஎம் போட அரை மணி நேரம், நெட்வொர்க்குக்கு நாலு நாள்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கொழிஞ்சாம்பாறை, டிடிபி கடை:

வணக்கம். லினக்ஸ் டெஸ்க்டாப்பில் விர்ச்சுவல் மெஷின் (விஎம், கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) போட்டு, அதை மற்ற கம்ப்யூட்டர்களோடு பேச வைக்கப் போன மாதம் ரொம்பவே அலைந்தேன். இதைத் தமிழில் யாராவது முன்பே எழுதி வைத்திருந்தால் எனக்கு நாலு நாள் மிச்சமாகியிருக்கும், அதனால் நானே தொடங்குகிறேன்.

கடை கொழிஞ்சாம்பாறையில். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பில் புத்தகம், இவைதான் பிழைப்பு. இந்தப் பக்கத்தில் பாதிப் பத்திரிகை இரண்டு மொழியில் போகும், பெண் வீட்டுச் சொந்தம் பொள்ளாச்சியில் இருக்கும், மாப்பிள்ளை வீடு ஆலத்தூரில் இருக்கும், ஆகவே ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். இருபது வருடத்து ஃபைல் எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் கிடக்கிறது. தமிழுக்குப் பாமினி, மலையாளத்துக்கு எம்எல்-டிடி கார்த்திகா, ரேவதி. எதுவும் யூனிகோடு இல்லை. பேஜ்மேக்கர் 7 வந்தது 2001இல், 8 என்று ஒன்று வரவே இல்லை. புது வேலை எல்லாம் லினக்ஸ் மின்ட்டில் இன்க்ஸ்கேப்பும் ஸ்கிரைபஸும் வைத்துச் செய்கிறேன், பழைய ஃபைலுக்காக மட்டும் மூலையில் ஒரு விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சிங்க மாத (ஆவணி) கல்யாண சீசனுக்கு முந்தின வாரம் அதன் மதர்போர்டு போய்விட்டது. மூத்த மகளுக்கு அடித்த அதே பத்திரிகையை இளைய மகளுக்கும் அடித்துக் கொடுங்கள் என்று ஒருவர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஹார்ட் டிஸ்க் நல்லவேளையாகப் பிழைத்தது.

சரி, எக்ஸ்பியை விஎம்மாகப் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். விஎம்மை ஓட்டுகிற கேவிஎம், லினக்ஸின் மையமான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, 2007 பிப்ரவரியில் வந்த 2.6.20 பதிப்பிலிருந்தே. அதன் மேல் விஎம்முக்குக் கம்ப்யூட்டர் பாகங்களைப் போல நடிக்கிற க்யூஇஎம்யூ, எல்லாவற்றையும் நிர்வகிக்கிற லிப்விர்ட், பார்த்து இயக்க விர்ட்-மேனேஜர், இவ்வளவுதான் இன்ஸ்டால் செய்ய வேண்டியது. நம் யூசரை லிப்விர்ட் குரூப்பில் சேர்த்து ஒருமுறை லாக்-அவுட் செய்து வர வேண்டும், இல்லாவிட்டால் கனெக்‌ஷன் மறுக்கப்படும். எக்ஸ்பிக்கு ஒரு விஷயம் முக்கியம்: வேகமாக இருக்கும் என்று எல்லாரும் சொல்கிற விர்ட்ஐஓ டிஸ்க்கும் விர்ட்ஐஓ நெட்வொர்க் கார்டும் அதற்குத் தெரியாது, தனியாக டிரைவர் போட வேண்டும். டிஸ்க்கை ஐடிஇ என்றும் கார்டை ஆர்டிஎல்8139 என்றும் மாற்றிவிட்டால் எக்ஸ்பி தன் கையில் இருக்கிற டிரைவரை வைத்தே இரண்டையும் எடுத்துக்கொள்ளும். 1 ஜிபி ராம், 20 ஜிபி டிஸ்க், கடையின் பழைய ஒரிஜினல் சிடி. அரை மணி நேரத்தில் எக்ஸ்பி வந்துவிட்டது. பேஜ்மேக்கர் போட்டேன், ஃபாண்ட் போட்டேன், எல்லாம் ஓடியது.

அப்புறம்தான் வேலை ஆரம்பம். எந்த மாற்றமும் செய்யாமல் விட்டால் லிப்விர்ட் 'டிஃபால்ட்' என்ற நெட்வொர்க்கைக் கொடுக்கும். ஹோஸ்டில், அதாவது விஎம்மைத் தாங்குகிற லினக்ஸ் மெஷினில், விர்பிஆர்0 என்று ஒரு கற்பனை ஸ்விட்ச் உருவாகும், அதன் முகவரி 192.168.122.1, உள்ளே இருக்கிற மெஷினுக்கு 192.168.122இல் தொடங்கும் ஓர் ஐபி கிடைக்கும், வெளியே போவது எல்லாம் நாட் (ஹோஸ்டின் முகவரியைப் போட்டு அனுப்பும் முறை) வழியாகப் போகும். எக்ஸ்பியில் பிரௌசரைத் திறந்தேன், இன்டர்நெட் வந்தது. எனக்கு அது சந்தோஷமாக இல்லை, பயமாகத்தான் இருந்தது. எக்ஸ்பிக்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றது 2014 ஏப்ரல் 8இல். வாடிக்கையாளரின் ஆதார் நகலும் போட்டோவும் கிடக்கிற கடையில் அப்படி ஒரு மெஷினை வெளியுலகத்தோடு பேச விடக் கூடாது.

அன்றைக்கு ராத்திரி ஒரு தாளை எடுத்து எழுதினேன். எக்ஸ்பி யாரைப் பார்க்க வேண்டும்? ஹோஸ்டில் இருக்கிற ஒரு ஃபோல்டரை, ஹோஸ்டில் மாட்டியிருக்கிற பிரின்டரை. வேறு யாரையும் வேண்டாம். எக்ஸ்பியை யார் பார்க்க வேண்டும்? ஹோஸ்ட் மட்டும். இதை முதல் நாளே எழுதியிருந்தால் அந்த 'நாட்' பக்கமே போயிருக்க மாட்டேன். விஎம் நெட்வொர்க்கில் நாட், பிரிட்ஜ், ஐசொலேட்டட், மேக்விடாப் என்று எத்தனை பெயர் சொன்னாலும், யாருக்கு யார் தெரிய வேண்டும் என்ற கேள்விக்கான வெவ்வேறு பதில்கள்தான் அவை எல்லாம். நான் படித்த பெரும்பாலான வழிகாட்டிகள் அந்தக் கேள்வியைக் கேட்காமலே 'பிரிட்ஜ் போடு' என்று தொடங்குகின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

எனக்கு வேண்டியது ஐசொலேட்டட், அதாவது ஹோஸ்டைத் தாண்டி வெளியே வழி இல்லாத நெட்வொர்க். விர்ட்-மேனேஜரில் கனெக்‌ஷன் டீடெயில்ஸ், விர்ச்சுவல் நெட்வொர்க்ஸ், பிளஸ் பொத்தான், மோடு ஐசொலேட்டட். 192.168.100.0/24 என்று அதுவே ஒரு வரிசையைக் காட்டியது, அப்படியே எடுத்துக்கொண்டேன். எக்ஸ்பியின் கார்டை அதில் மாட்டினேன். எக்ஸ்பியிலிருந்து 192.168.100.1ஐப் பிங் செய்தால் பதில் வருகிறது, ஆனால் ஷேர் ஃபோல்டர் திறக்கவில்லை. இந்த இடத்தில்தான் மூன்று நாள் போனது. ஒரே பூட்டு என்று நினைத்துத் தேடிக்கொண்டிருந்தேன், ஒன்றின் பின் ஒன்றாக மூன்று பூட்டு இருந்தது.

முதல் பூட்டு ஃபயர்வால். ஹோஸ்டில் யுஎஃப்டபிள்யூவை நானே ஆன் செய்து வைத்திருந்தேன். அது பிங்கை விடும், லினக்ஸ் ஃபோல்டரை விண்டோஸுக்குப் பகிர்கிற சம்பாவின் 445ஆம் போர்ட்டை விடாது. பிங் வருகிறதே, நெட்வொர்க் சரியாகத்தான் இருக்கிறது என்று நம்பிக் கொண்டிருந்தது அதனால்தான். புது நெட்வொர்க்கின் விர்பிஆர்1 வழியாக வருவதை மட்டும் அனுமதித்தேன்.

இரண்டாவது பூட்டு சம்பாவின் வயது. ஃபைல் பகிர்கிற எஸ்எம்பி முறையில் எக்ஸ்பிக்குத் தெரிந்தது பழைய எஸ்எம்பி1 மட்டும். சம்பா 4.11 முதல், அதாவது 2019 முதல், எஸ்எம்பி1ஐ டிஃபால்ட்டாக அணைத்து வைத்திருக்கிறது, அதற்கு நல்ல காரணமும் உண்டு. 'சர்வர் மின் புரோட்டோகால்' என்ற வரியில் எஸ்எம்பி1ஐக் குறிக்கும் என்டி1 என்று கொடுத்தேன். அதைக் கொடுக்கும்போது சம்பா விர்பிஆர்1இல் மட்டும் காது கொடுக்கும்படி 'இன்டர்ஃபேசஸ்', 'பைண்ட் இன்டர்ஃபேசஸ் ஒன்லி' வரிகளையும் சேர்த்தேன். இதை விட்டுவிட்டால் கடை வைஃபையில் இருக்கிற எல்லாருக்கும் அந்தப் பழைய கதவு திறந்துவிடும், தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது, பாஸ்வேர்டைச் சரியாகக் கொடுத்தும் தப்பு என்றது. எக்ஸ்பி பழைய முறையில் பாஸ்வேர்டு பதிலை அனுப்புகிறது, சம்பா என்டிஎல்எம் என்ற பாஸ்வேர்டு முறையின் 2ஆம் பதிப்பைத்தான் ஏற்கும். சம்பாவைத் தளர்த்தினாலும் வேலை நடக்கும். நான் எக்ஸ்பி புரொஃபஷனலின் லோக்கல் செக்யூரிட்டி பாலிசியில் லான் மேனேஜர் அங்கீகார நிலையை 'என்டிஎல்எம்வி2 மட்டும்' என்று உயர்த்தினேன். கதவு திறந்தது. ராத்திரி பதினொன்றரை மணி, வீட்டுக்காரி தூங்கிவிட்டாள், சொல்லக்கூட ஆள் இல்லை.

பிரின்டர் சுலபம். லினக்ஸின் பிரின்டர் சர்வீசான கப்ஸ் அந்த 192.168.100.1 முகவரியிலும் 631ஆம் போர்ட்டில் கேட்கும்படி வைத்துவிட்டு, எக்ஸ்பியில் 'இன்டர்நெட் பிரின்டர்' என்று அந்த முகவரியைக் கொடுத்து, பொதுவான ஒரு போஸ்ட்ஸ்கிரிப்ட் டிரைவரைத் தேர்ந்தெடுத்தால் போதும். இளைய மகளின் பத்திரிகை முந்நூறும் அப்படித்தான் அடித்துக் கொடுத்தேன்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள். எந்த மெஷின் யாரைப் பார்க்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால் படிக்கிறவர்களுக்கு உதவும்.


களியக்காவிளை, பாலிடெக்னிக் மாணவன்:

அண்ணா, எனக்கு விர்ச்சுவல்பாக்ஸ் அனுபவம்தான். பாறசாலையில் படிக்கிற ஃபிரண்டும் நானும் சேர்ந்து ஒரு வெப்சர்வர், ஒரு டேட்டாபேஸ் சர்வர் என்று இரண்டு விஎம் போட்டோம். இரண்டிலும் ஐபியைப் பார்த்தால் 10.0.2.15. இரண்டும் ஒரே ஐபி. மோதுகிறது என்று நினைத்து ஒன்றை 10.0.2.16 என்று கையால் மாற்றினோம், அப்போதும் ஒன்றையொன்று பிங் செய்யவில்லை.

விஷயம் என்னவென்றால், விர்ச்சுவல்பாக்ஸில் சாதாரண 'நாட்' என்று போட்டால் ஒவ்வொரு விஎம்முக்கும் தனித்தனியாக ஒரு குட்டி ரவுட்டர் கிடைக்கிறது, 10.0.2.2 அதன் கேட்வே. இரண்டு விஎம்மும் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி தெரியும், ஆனால் நடுவில் வழியே கிடையாது. அதனால் இரண்டுக்கும் ஒரே எண் வந்தாலும் மோதல் இல்லை. இரண்டும் பேச வேண்டும் என்றால் 'நாட் நெட்வொர்க்' என்று வேறொன்று இருக்கிறது, பெயர் ஒரே மாதிரி இருப்பதால் பார்வை தவறிவிடுகிறது. அதை ஒன்று உருவாக்கி இரண்டையும் அதில் மாட்டினோம், உடனே பேசின. வெளியே லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்எச் (இன்னொரு மெஷினுக்குள் போய்க் கமாண்ட் கொடுக்கும் வழி) செய்ய போர்ட் ஃபார்வர்டிங், ஹோஸ்டின் 2222 உள்ளே 22க்கு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கெர்னல் அப்டேட் ஆகி 6.12 வந்ததும், பிராசஸரில் விஎம்முக்கென்றே இருக்கிற விடி-எக்ஸ் வசதியை வேறு ஹைப்பர்வைசர் (விஎம் ஓட்டும் மென்பொருள்) பிடித்து வைத்திருக்கிறது என்று சொல்லி விஎம் எழவே இல்லை. நான் கேவிஎம்மைப் பயன்படுத்துவதே இல்லை, அப்புறம் யார் பிடித்தது என்று குழம்பினேன். 6.12 முதல் கேவிஎம் மாட்யூல் லோட் ஆகும்போதே பிராசஸரின் அந்த வசதியை எடுத்துக்கொள்கிறது, முன்பெல்லாம் விஎம் ஓடும்போதுதான் எடுக்கும். மாட்யூலை இறக்கினாலும் சரி, பூட் வரியில் கேவிஎம்மின் 'எனேபிள் விர்ட் அட் லோட்' என்பதைப் பூஜ்யம் ஆக்கினாலும் சரி, பிரச்சினை தீரும்.


புளியரை, மர டிப்போ:

நான் செங்கோட்டை பக்கம் புளியரை. செக்போஸ்ட் தாண்டினால் ஆரியங்காவு, லோடு எல்லாம் அந்த வழியாகத்தான் போய் வரும். அப்பாவின் டிப்போவுக்கு ஒரு பில்லிங் மென்பொருள் இருக்கிறது, அது விண்டோஸில் மட்டும் ஓடும். ஆபீஸ் ரூமில் நல்ல லினக்ஸ் டெஸ்க்டாப் ஒன்று இருந்ததால் விண்டோஸ் 10ஐ விஎம்மாகப் போட்டு, வாசல் கவுன்டரில் இருக்கிற பழைய கம்ப்யூட்டர் அந்த விஎம்மோடு பேசி பில் போடட்டும் என்று திட்டம். கொழிஞ்சாம்பாறை அண்ணாச்சி எழுதிய கேள்வியைக் கேட்டிருந்தால் என் பதில் இப்படி வந்திருக்கும்: கவுன்டர் மெஷின் விஎம்மைப் பார்க்க வேண்டும், அதாவது விஎம்முக்கு ரவுட்டரிடமிருந்தே ஐபி வர வேண்டும், ஆகவே விஎம்மை நேராக ரவுட்டரின் நெட்வொர்க்கில் சேர்க்கிற பிரிட்ஜ்.

பிரிட்ஜ் வேண்டும் என்பது சரி. நான் அதை வைஃபை கார்டின் மேல் போட்டேன். பத்துத் தடவை போட்டிருப்பேன். விஎம்முக்கு ஐபி வரவே இல்லை. ரவுட்டரை மாற்றினேன், விண்டோஸைத் திரும்பப் போட்டேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. காரணம் ரொம்ப எளிமையானது. வைஃபையில் ரவுட்டரிடம் கைகுலுக்கி உள்ளே வந்த கார்டின் மேக் முகவரிக்கு (கார்டின் அடையாள எண்) மட்டும்தான் அது பதில் சொல்லும். பிரிட்ஜ் வழியாக வருகிற விஎம் 52:54:00 என்று தொடங்குகிற தன் சொந்த மேக்கைப் போட்டு அனுப்புகிறது, அப்படி ஒரு ஆளையே ரவுட்டருக்குத் தெரியாது, தூக்கிப் போட்டுவிடும். எந்த செட்டிங்கை மாற்றினாலும் சாதாரண ரவுட்டரில் இது நடக்காது. விர்ச்சுவல்பாக்ஸில் வைஃபை மேலேயே பிரிட்ஜ் ஓடுகிறதே என்று சிலர் சொல்வார்கள், அது போகும் வழியில் மேக்கை ஹோஸ்டின் மேக்காக மாற்றி எழுதி அனுப்புவதால் ஓடுகிறது.

ஆகவே கேபிள். ரூமிலிருந்து ரவுட்டர் வரை கேட்-6 கேபிள் இழுத்தேன், சாரல் சீசன் என்பதால் ஓட்டுக்கு அடியில் குழாய் போட்டு. அப்புறம் என்எம்சிஎல்ஐ என்ற நெட்வொர்க் கமாண்டில் பிஆர்0 என்று ஒரு பிரிட்ஜ், நம் ஈதர்நெட் கார்டு அதன் அடிமை. இதில் ஒரு நிமிடம் மூச்சு நின்றது, ஏனென்றால் பிரிட்ஜ் எழுந்ததும் கார்டின் ஐபி காணாமல் போய்விடும். அது தொலையவில்லை. இனி ஐபி பிரிட்ஜுக்குத்தான், கார்டு வெறும் வாசல். இதை யாரும் தூரத்திலிருந்து எஸ்எஸ்எச் வழியாகச் செய்யாதீர்கள், மெஷின் முன்னால் உட்கார்ந்தே செய்யுங்கள்.

இன்னொரு சங்கடம்: ஹோஸ்டுக்கு ரவுட்டரில் நான் ஒதுக்கி வைத்திருந்த ஐபி வராமல் வேறு ஐபி வந்தது. பிரிட்ஜுக்கு அது தனியாக ஒரு மேக்கை உருவாக்கிக்கொள்கிறது, ரவுட்டருக்கு அது புது ஆள். பிரிட்ஜின் மேக்கையும் கார்டின் மேக்கையும் ஒன்றாக்கிவிட்டேன், பழைய ஐபி திரும்பி வந்தது. பிரிட்ஜில் எஸ்டிபி (நெட்வொர்க் வளையமாகச் சுற்றிவிடாமல் பார்க்கும் ஏற்பாடு) ஆன் ஆக இருந்தால் முதல் அரை நிமிடம் எதுவும் போகாது, வீட்டில் ஒரே ஒரு ரவுட்டர் என்றால் அது தேவையும் இல்லை, அணைத்துவிட்டேன்.

நடுவில் பிரிட்ஜுக்குப் பதிலாக மேக்விடாப் போட்டும் பார்த்தேன், ஒரே ஒரு டிராப்-டவுன் மாற்றினால் போதும், கவுன்டர் மெஷினும் விஎம்மும் உடனே பேசின. ஆனால் ஹோஸ்டிலிருந்து விஎம்மை எட்ட முடியவில்லை. அதன் அமைப்பே அப்படித்தான், ஹோஸ்டும் விஎம்மும் ஒரே கார்டின் இரண்டு கிளைகள், ஒன்றிலிருந்து புறப்பட்டது நேராக வெளியே போய்விடும், திரும்பி மற்றதற்கு வராது. தினமும் ராத்திரி ஹோஸ்டுக்கு பேக்கப் எடுக்க வேண்டிய எனக்கு அது உதவாது. ஹோஸ்டோடு பேச்சே தேவை இல்லை என்கிறவர்களுக்கு அருமையான வழி.

எல்லாம் ஓடி இரண்டு மாதம் ஆன பிறகு ஒரு நாள் காலையில் விஎம்முக்கு நெட்வொர்க் இல்லை. ஹோஸ்டில் இன்டர்நெட் வருகிறது. பிரிட்ஜ் இருக்கிறது. கவுன்டரில் லாரிக்காரர் நிற்கிறார், அன்றைக்குக் கையால்தான் பில் எழுதிக் கொடுத்தோம். தம்பி புரோகிராமிங் கற்றுக்கொள்ள முந்தின நாள் அதே மெஷினில் டாக்கர் (புரோகிராம்களைத் தனித்தனிப் பெட்டியில் ஓட்டும் மென்பொருள்) போட்டிருந்தான். டாக்கர் தன் பாதுகாப்புக்காக ஃபயர்வாலின் ஃபார்வர்டு சங்கிலியை (மெஷின் வழியாகக் கடந்து போகிறவற்றுக்கான விதி வரிசை) 'டிராப்' என்று வைக்கிறது, கூடவே பிரிட்ஜ் வழியாகப் போகிறவையும் அந்தச் சங்கிலியைத் தாண்டித்தான் போக வேண்டும் என்ற நிலை வந்துவிடுகிறது. டாக்கர்-யூசர் என்ற சங்கிலியில் பிஆர்0இல் வந்து பிஆர்0இல் போகிறதை அனுமதிக்க ஒரு விதி சேர்த்தோம், இரண்டும் இப்போது சேர்ந்தே ஓடுகின்றன. ஒரே மெஷினில் இரண்டும் வைத்திருக்கிறவர்கள் இதை எங்காவது எழுதி ஒட்டி வையுங்கள்.


கம்பம், ஏலக்காய் வியாபாரம்:

நம்மது சின்ன அனுபவம். விஎம் இன்ஸ்டால் ஆகவே இரண்டு மணி நேரம் பிடித்தது, மவுஸை நகர்த்தினால் நாலு விநாடி கழித்து நகர்கிறது. ராம் போதவில்லை என்று 8 ஜிபி வாங்கிப் போட்டேன், அப்பவும் அதே கதை. கடைசியில் கேவிஎம்-ஓகே என்ற கமாண்டை ஓட்டிப் பார்த்தால் பிராசஸரின் விஎம் வசதி பயாஸில் அணைந்திருக்கிறது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டது. இன்டெல் என்றால் விடி-எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் என்ற பெயரில் பயாஸில் இருக்கும். ஆன் செய்ததும் பறந்தது. அது இல்லாமல் க்யூஇஎம்யூ ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்த்து மொழிபெயர்த்து ஓட்டுகிறதாம், அதனால்தான் அந்த மெதுவு. முதலில் அந்த கமாண்டைப் பாருங்கள், ராம் வாங்குவது அப்புறம்.

நெட்வொர்க்கில் எனக்குப் பிரச்சினையே வரவில்லை, காரணம் குமுளியில் இருக்கும்போது மொபைல் ஹாட்ஸ்பாட், கம்பத்தில் வீட்டு வைஃபை, போடிக்கு ஏலத்துக்குப் போனால் வேறு வைஃபை. லேப்டாப் ஊர் ஊராகப் போகும். டிஃபால்ட் நாட் அப்படியே விட்டுவிட்டேன், வெளியே எது மாறினாலும் உள்ளே 192.168.122 மாறுவதில்லை. ஒரே ஒரு தடவை விஎம் எழும்போது 'டிஃபால்ட் நெட்வொர்க் ஆக்டிவ் இல்லை' என்று வந்தது, விர்ஷ் என்ற லிப்விர்ட் கமாண்டில் நெட்-ஸ்டார்ட்டும் நெட்-ஆட்டோஸ்டார்ட்டும் கொடுத்ததோடு சரி. என் விஎம்மை வெளியே யாரும் பார்க்க வேண்டியதில்லை, அதனால் பிரிட்ஜ் பக்கமே போகவில்லை.


மறையூர், டீச்சர்:

எங்கள் கேரளத்துப் பள்ளிக்கூடங்களில் லினக்ஸ் புதிதல்ல. பள்ளிகளுக்கான அரசின் கம்ப்யூட்டர் திட்டம் ஐடி@ஸ்கூல் 2001இல் தொடங்கியது, 2017இல் அது கைட் ஆனது, எங்கள் லேப்டாப்கள் எல்லாவற்றிலும் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ்தான். பத்தாம் வகுப்பில் ஐடிக்குத் தனி செய்முறைத் தேர்வே உண்டு. நான் தமிழ் மீடியப் பிள்ளைகளுக்கு எடுக்கிறேன். நெட்வொர்க் பாடத்தைப் படம் வரைந்து சொன்னால் அவர்களுக்கு மனதில் நிற்கவில்லை, டிஹெச்சிபி என்றால் மனப்பாடமாக விரிவாக்கம் சொல்வார்கள், அது என்ன செய்கிறது என்று கேட்டால் பேச்சில்லை.

அதனால் 8 ஜிபி லேப்டாப் ஒன்றில் மூன்று சின்ன உபுண்டு சர்வர் விஎம், ஒவ்வொன்றுக்கும் 1 ஜிபி, எல்லாம் ஒரு ஐசொலேட்டட் நெட்வொர்க்கில். பிள்ளைகள் என்ன செய்தாலும் பள்ளி நெட்வொர்க்குக்கு ஒன்றும் ஆகாது என்பதுதான் எனக்கு முக்கியம். மூன்றுக்கும் அவர்களே பெயர் வைத்தார்கள்: சந்தனம், கரும்பு, வெல்லம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஏன் என்று தெரியும்.

ஒன்றை முழுதாகத் தயார் செய்து மற்ற இரண்டையும் குளோன் செய்தேன். குளோன் செய்யும்போது மேக் தானாக மாறிவிடும், ஆகவே ஐபியும் வேறு வேறாக வரும் என்று நம்பினேன். வகுப்பில் ஓட்டியதும் ஒரு பெண் எழுந்து, "டீச்சர், கரும்புக்கும் வெல்லத்துக்கும் ஒரே ஐபி" என்றாள். எனக்கு அந்த நேரத்தில் பதில் தெரியவில்லை, தெரியவில்லை என்றே சொல்லிவிட்டு நாளைக்குக் கண்டுபிடித்து வருகிறேன் என்றேன்.

கண்டுபிடித்தது இது. உபுண்டு சர்வர் ஐபி கேட்கும்போது மேக்கை மட்டும் வைத்துத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வதில்லை. மெஷின்-ஐடி என்று ஈடிசி ஃபோல்டரில் ஒரு ஃபைல் இருக்கிறது, அதிலிருந்து ஓர் அடையாளத்தை உருவாக்கி அனுப்புகிறது. குளோன் செய்ததில் அந்த ஃபைலும் அப்படியே வந்துவிட்டது. ஐபி கொடுக்கிற டிஎன்எஸ்மாஸ்க்குக்கு இரண்டு பேரும் ஒரே ஆள். குளோன் எடுக்கும் முன் அந்த ஃபைலைக் காலி செய்துவிட்டால் அடுத்த பூட்டில் ஒவ்வொன்றும் தனக்கென்று புதிதாக எழுதிக்கொள்ளும். எஸ்எஸ்எச் சாவிகளும் அதே மாதிரி இரட்டையாகிவிடும், எல்லாவற்றையும் சேர்த்துச் சுத்தம் செய்ய விர்ட்-சிஸ்பிரெப் என்றே ஒரு கருவி இருக்கிறது.

மறுநாள் இதை வகுப்பில் செய்து காட்டினேன். டிஹெச்சிபி என்றால் என்ன என்று அதற்குப் பிறகு நான் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை, "யாருன்னு கேட்டு நம்பர் குடுக்கிற ஆள்" என்று அவர்களே சொன்னார்கள். வெல்லத்தில் ஒரு சின்ன வெப் பக்கம் வைத்து சந்தனத்திலிருந்து திறந்து பார்த்தபோது வகுப்பில் எழுந்த சத்தத்தில் பக்கத்து வகுப்பு சார் எட்டிப் பார்த்தார்.

கொழிஞ்சாம்பாறை சார், ஒரு கேள்வி. ஐசொலேட்டட்டில் அப்டேட் எப்படிப் போடுகிறீர்கள்? எக்ஸ்பிக்குத் தேவை இல்லை, எங்கள் உபுண்டுவுக்குத் தேவை.


கொழிஞ்சாம்பாறை, டிடிபி கடை:

டீச்சர், கார்டை நிரந்தரமாக மாற்ற வேண்டாம். அப்டேட் நாளன்று மட்டும் விஎம்மின் நெட்வொர்க் சோர்ஸை 'டிஃபால்ட்' என்று மாற்றுங்கள், அப்டேட் முடிந்ததும் திரும்ப ஐசொலேட்டட். விஎம்முக்குள் ஐபியை மட்டும் புதுப்பித்துக்கொண்டால் போதும். இன்னும் நல்லது, முதல் மெஷினை மட்டும் அப்டேட் செய்து, நீங்கள் சொன்ன மாதிரி சுத்தம் செய்து, மற்ற இரண்டையும் திரும்பக் குளோன் எடுப்பது.

மூன்றுக்கும் எப்போதும் ஒரே ஐபி வேண்டும் என்றால் விர்ஷ் நெட்-எடிட்டில் டிஹெச்சிபி பகுதிக்குள் ஒவ்வொரு மேக்குக்கும் ஒரு வரி எழுதிவிடலாம். எழுதியபின் நெட்வொர்க்கை ஒருமுறை நிறுத்தி எழுப்ப வேண்டும், விஎம்களை அணைத்துவிட்டுச் செய்யுங்கள், ஓடிக்கொண்டிருக்கும்போது செய்தால் அவற்றின் வயர் கழன்றுவிடும்.

முதல் பதிவில் விட்டுப்போன ஒன்று. சம்பாவை விர்பிஆர்1இல் மட்டும் கேட்க வைத்தேன் என்றேன் அல்லவா, தினமும் காலையில் கடை திறந்ததும் ஷேர் வேலை செய்யாது, சம்பாவை ரீஸ்டார்ட் செய்தால் வரும். இரண்டு வாரம் அப்படியே ரீஸ்டார்ட் செய்துகொண்டிருந்தேன். சம்பா எழும்போது விர்பிஆர்1 இன்னும் பிறக்கவே இல்லை, அதுதான் காரணம். சர்வீஸ்களை எழுப்புகிற சிஸ்டம்டியில், சம்பாவின் எஸ்எம்பிடி சர்வீசுக்கு 'ஆஃப்டர்' என்று லிப்விர்ட்டின் பெயரைப் போட்டு ஒரு வரி சேர்த்தேன், விர்பிஆர்1க்கு ஆட்டோஸ்டார்ட் கொடுத்தேன். அதிலிருந்து கை வைக்கவில்லை.

பேக்கப் பற்றியும் ஒரு வார்த்தை. எக்ஸ்பியின் டிஸ்க் முழுவதும் ஒரே ஒரு கியூகவ்2 ஃபைல்தான், வார் லிப் லிப்விர்ட் இமேஜஸ் ஃபோல்டரில். சனிக்கிழமை விஎம்மை அணைத்துவிட்டு அதைப் பென்டிரைவில் நகல் எடுக்கிறேன். மதர்போர்டு இன்னொரு தடவை போனால் வேறு எந்த லினக்ஸ் மெஷினிலும் அன்றைக்கே எழுப்பிவிடலாம்.


புளியரை, மர டிப்போ:

அண்ணாச்சி, அந்த 'ஆஃப்டர்' வரி எனக்கும் வேண்டியிருந்தது, என் ராத்திரி பேக்கப்பும் அதே மாதிரிதான் சில நாள் ஓடாமல் இருந்தது. இன்றைக்கு விடிகாலை மூன்று மணிக்குச் சாரலில் கரண்ட் போய் ஐந்து மணிக்கு வந்தது. பயாஸில் கரண்ட் வந்ததும் எழு என்று வைத்திருந்தேன், விஎம்முக்கும் ஆட்டோஸ்டார்ட் கொடுத்திருந்தேன். எட்டு மணிக்கு அப்பா வாசல் கவுன்டரில் முதல் பில்லைப் போட்டுவிட்டார், ரூமுக்குள் யாரும் போகவே இல்லை.